பராமரிப்பார் யார்?

1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் இந்நாட்டின் அரசகரும மொழியாக்கியது. ஆயினும், அண்மையில் தோட்டத் தொழிலாளர் ஒருவருடன் மாத்தளை மாவட்டத்து அலுவலகமொன்றுக்கு நாம் சென்றபோது, "இந்தக் கணினியில் தமிழ் அடிக்க முடியாது; சிங்களத்தில் எழுதித் தருகிறோம்" என்ற விடையே கிடைத்தது. அலுவலரிடம் பகைமை இருக்கவில்லை. சட்டம் தந்ததை இயந்திரம் மறுத்தது.

மனு எழுதுவதில் எமக்குப் பழக்கம் உண்டு, அதையும் எழுதுவோம். ஆனால் மனுவால் மட்டும் தீராத பகுதி ஒன்றிருக்கிறது.

ஃபிரீபிஎஸ்டி என்னும் திறந்த மூல இயங்குதளத்தில் 30,000க்கு மேற்பட்ட மென்பொருள்கள் 'போர்ட்' என்ற பெயரில் பேணப்படுகின்றன. மூலநிரலை எங்கே பெறுவது, வழியில் எவரும் அதை மாற்றவில்லையென எவ்வாறு உறுதிசெய்வது, இத்தளத்துக்கு ஏற்ப எதைத் திருத்துவது என்பனவெல்லாம் அடங்கிய சிறு கோப்புத் தொகுதியே போர்ட். அதில் பராமரிப்பாளர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். சம்பளமில்லை. மூல மென்பொருள் புதுப்பதிப்புக் காணுந்தோறும் அதை நிறுவிப் பார்த்து, பழுதானதைச் சீர்செய்து அனுப்புவது அவர் கடமை. பிறர் அனுப்பும் திருத்தத்துக்கு இரு வாரத்துள் அவர் விடை தராவிடின், அவருக்காகக் காத்திராமல் அதனைச் சேர்த்துவிடலாம். பிறர் காணியில் இடையூறின்றி இருந்து உரிமை பெறுவதற்கு எமது 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் பத்தாண்டு கேட்கிறது. இங்கே பதினான்கே நாள்! பராமரிப்பாளர் அற்ற போர்ட் பழுதுற்று, ஏற்பாருமின்றிக் கிடந்தால், நாட்குறித்து நீக்கப்படும். தர்மகர்த்தா இல்லாத கோயிலின் கதிதான்.

நம் எழுத்துக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். இலங்கைத் தமிழர் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகை, திறந்த மூலத் தளங்களில் எம்17என் என்ற தொகுப்பினுள்ளும் இருக்கிறது. அத்தொகுப்பை உருவாக்கியோர் ஜப்பானிய ஆய்வாளர். அவர்களுக்கு நன்றியுடையோம். ஆயினும் அதில் எமது எழுத்துப் பிழைபட்டால் அதை முதலில் உணரவேண்டியவர் நாமல்லவா? அந்த அலுவலகத்துக் கணினியில் இருந்தது வேறோர் இயங்குதளம் என்பதையும் மறைக்கமாட்டோம். உரிமக் கட்டணமில்லாத தளங்களுக்கு அரசு நாளை மாறுமானால், அங்கும் இதே விடை காத்திருக்கக்கூடாது என்பதே எமது கவலை.

தனிமனிதர் தியாகத்தைப் போற்றிவிட்டு நகர்வதும் தவறு. எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியை நெடுங்காலம் ஏறத்தாழ ஒருவரே பேணினார். களைத்திருந்த அவருக்குத் துணையாக வந்து, ஈராண்டுக்கு மேல் நம்பிக்கை தேடிய ஒருவர் அதனுள் கள்ளவழி வைத்தது 2024 மார்ச்சில்தான் வெளிப்பட்டது. ஆகவே, மக்கள் பணத்தில் இயங்கும் அலுவலகங்கள் பயன்படுத்தும் மென்பொருளைப் பராமரிப்போருக்கு அப்பணத்திலிருந்தே ஊதியம் வழங்குமாறு கோருகிறோம். இக்கோரிக்கையும் எமது மனுவில் இடம்பெறும்.

அதுவரை, மாத்தளையிலோ உக்குவளையிலோ இரத்தோட்டையிலோ கணினி கற்ற இளைஞர் மூவர் தமிழ் சார்ந்த பொதியொன்றை ஏற்க முன்வரட்டும். ஒருவர் களைத்தால் மற்றவர் தொடரவே மூவரைக் கேட்கிறோம். எமது பணிமனையில் ஓர் அறையும் இணைய இணைப்பும் அவர்களுக்காக ஒதுக்கப்பட்டுள்ளன. ஞாயிறு காலை பத்து மணிக்கு வரலாம்.