பிளிட்ஸ் ஓட்டத்துக்கும்தான்

தடுக்கிற அணி கூடுதல் ஆட்களைப் பாயவிடுறதுதான் பிளிட்ஸ். அமெரிக்க உதைபந்தாட்டத்தில் அது பந்தை எறியிற குவாட்டர்பேக்கை விழுத்த மட்டும்தான் எண்டு கனபேர் நினைக்கினம். நாங்கள் ஏற்கமாட்டம்.

1986 ஜனவரி சூப்பர் போலைப் பாருங்கோ. பட்டி றையனின் ‘46’ வியூகத்தில் சிக்காகோ பெயார்ஸ் எட்டுப் பேரை முன்னுக்கு நெருக்கி நிறுத்தியது. நியூ இங்கிலாந்து அணி முழு ஆட்டத்திலும் ஓடி எடுத்தது வெறும் 7 யார்! ஓட்டம் அடைபட்டால் எறியிறது மட்டும்தான் மிச்சம். பிறகு பிளிட்ஸுக்கு இன்னும் வசதி.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பாயிறது பிளிட்ஸ் இல்லை. ஒவ்வொருவருக்கும் அடைக்க ஓர் இடைவெளி இருக்கு. ஒருத்தர் தவறவிட்டால், ஓடுறவரைப் பின்னுக்கு மறிக்க ஆள் குறைவு.

குவாட்டர்பேக்கை விழுத்தினவருக்குக் கைதட்டுறம். இடைவெளியை அடைச்சு நிண்டவருக்கு எப்ப தட்டப்போறம்?