எந்தச் செண்டு வாங்கலாம்?

"பச்சூலி" என்று மேல்நாட்டார் சொல்லும் வாசனைச் செடியின் பெயர், நமது "பச்சை இலை"யிலிருந்து போனது என்று அகராதிகள் பல கூறுகின்றன. அந்த எண்ணெய் தூக்கலாக உள்ள பாரிஸ் செண்டுகள் இரண்டு. கையில் நாலு காசு சேர்ந்த ராயபுரத்து வாலிபர் எதை வாங்குவது?

ஒன்று, செர்ஜ் லூட்டன்ஸ் 2005-இல் வெளியிட்ட "போர்னியோ 1834". கற்பூர நெடியும் கோகோவும் கலந்த காய்ந்த மண் வாசனை. மற்றொன்று, 2007-இல் ஷனேல் கம்பெனி வெளியிட்ட "கோரமண்டல்". இதில் சாம்பிராணியும் இனிப்பும் சேரும்.

பெயரைப் பார்த்தால் இரண்டாவதுதான் நம்முடையது. கோரமண்டல் நமது சோழமண்டலக் கரை அல்லவா! சீனத்து அரக்குத் தட்டிகள் இவ்வழியாக ஐரோப்பா போனதால் அவற்றுக்கு வந்த பெயர், செண்டுக்கும் ஒட்டிக்கொண்டது.

ஆனால், எண்ணூர்க்காரரிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். 2023 டிசம்பர் 26 இரவு, அதே பெயருள்ள உரக் கம்பெனியின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூங்கியவர்கள் கண்ணும் தொண்டையும் எரிய எழுந்து, குழந்தைகளுடன் தெருவுக்கு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

அங்கெல்லாம் மூக்குதான் காவல்காரன். அதை மழுங்க அடிக்கும் அளவுக்கு எந்தச் செண்டும் பூசலாகாது. துறைமுகப் புழுக்கத்தில் இனிப்பு வேறு திகட்டும். நமது ஓட்டு போர்னியோவுக்கே; அதுவும் ஒரு சொட்டு.

கடையில் புட்டியை முகர்ந்து வாங்கிவிடாதீர்கள். பச்சிலை தன் குணத்தைக் காட்டச் சில மணி நேரம் ஆகும். மணிக்கட்டில் தடவிக்கொண்டு, பஸ் ஏறித் திருவொற்றியூர் போய்த் திரும்பி வந்து முகருங்கள்.