கழுதைப் பாலும் சங்கத்துக் கடனும்

தருமபுரி மாவட்டத்தில் கழுதைக்கு இன்னும் வேலை இருக்கிறது. 2021-ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலின்போது கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களைச் சுமந்து சென்றவை கழுதைகளே. ஆனால் இப்போது அங்கத்தினர் சிலருக்கு அதன் முதுகைவிட மடியின்மீதே கண். லிட்டர் ஆயிரக்கணக்கான ரூபாய் பெறுமாம்; பண்ணை வைக்கச் சங்கம் கடன் தரலாகாதா என்று கேட்கிறார்கள். தரலாகாது என்பதே என் அபிப்பிராயம். காரணம் அந்தப் பாலிலேயே இருக்கிறது.

பசும்பாலில் கொழுப்பு நூற்றுக்கு மூன்றரை முதல் நான்கு பங்கு. புரதம் மூன்றுக்குச் சற்று மேல். கழுதைப் பாலில் கொழுப்பு பெரும்பாலும் ஒரு பங்குக்கு முன்பின்னாகவே நிற்கும். புரதமோ ஒன்றரை முதல் இரண்டு. பால் சர்க்கரை மட்டும், தாய்ப்பாலில் இருப்பதுபோல, ஆறு முதல் ஏழு பங்கு. இதில் கெட்டித் தயிரும் இல்லை, வெண்ணெய்க்கும் வழியில்லை. நமது பால் சங்கத்துச் சோதனையில் வைத்தால் தண்ணீர் கலந்த பால் என்றே தள்ளிவிடுவார்கள்!

இந்த அளவுகளும் கறவைக்காலம் முழுவதும் ஒன்றுபோல் இரா. ஈன்றவுடன் சுரக்கும் சீம்பால் கெட்டியானது. நோயெதிர்ப்புப் பொருள் நிறைந்தது. கழுதைக் குட்டி கருவிலிருக்கும்போது தாயின் இரத்தத்திலிருந்து அப்பாதுகாப்பைப் பெறுவதில்லை. பிறந்த முதல் நாளிலேயே குடித்துப் பெறவேண்டும். ஆகவே அது குட்டியின் பங்கு, மனிதன் கைவைக்கலாகாது. பின்னர் மாதம் ஏற ஏறப் புரதமும் தாது உப்புக்களும் குறைகின்றன. முதல் மாதத்தில் இரண்டை ஒட்டி நின்ற புரதம் ஆறாம் மாதத்தில் ஒன்றரையை நெருங்கிவிடும். கொழுப்பு வேளைக்கு வேளை மாறும். சர்க்கரை மாத்திரம் அநேகமாக அப்படியே நிற்கிறது. எனவே நாவில் இட்டுப் பார்ப்பவருக்கு எந்த மாதத்துப் பாலும் ஒரே இனிப்புத்தான். குறைந்துபோன சத்து தெரியவராது.

தெருவில் சங்குக் கணக்கில் வாங்கிப் பச்சிளங்குழந்தைக்குப் புகட்டும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். இத்தாலியில் பசும்பால் ஒவ்வாத குழந்தைகளுக்கு மருத்துவர்கள் கழுதைப் பாலைக் கொடுத்ததுண்டு. அது கொழுப்புக் குறையை ஈடுசெய்து, மருத்துவரின் மேற்பார்வையில் நடந்தது. பச்சையாகக் கறந்து, கழுவாத சங்கில் ஊற்றிக் கொடுப்பதற்கு அதைச் சான்றாகக் காட்டக்கூடாது. ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும்.

இனி வரவுக் கணக்கு. சினைக்காலம் ஏறத்தாழ ஓராண்டு. ஈற்றுக்கு ஒரு குட்டி. கறவை ஆறேழு மாதம். மடி சிறியது, குட்டி அருகில் நின்றால்தான் பால் இறங்கும். அது குடித்தது போக நாளொன்றுக்கு அரை லிட்டர் கிடைத்தாலே நம் நாட்டுக் கழுதைக்குப் பெரிது. அதையும் வாங்குவோர் யார்? 2024-இல் கருநாடகத்தின் ஹொஸபேட்டையில், பாலை உயர்ந்த விலைக்குத் தாமே வாங்கிக்கொள்வதாகச் சொல்லி உழவர்களிடம் இலட்சக்கணக்கில் பணம் பெற்றுக் கழுதைகளைக் கொடுத்த ஒரு நிறுவனத்தின்மீது மோசடிப் புகார் எழுந்தது. கழுதை வந்தது, பால் விலை வரவில்லை என்பதே உழவர்களின் முறையீடு.

தறிக்கு நூல் வாங்கவும் கிணற்றுக்கு மோட்டார் வைக்கவும் கடன் மனுக்கள் காத்துக் கிடக்கின்றன. அந்தப் பணத்தை இதில் இறக்குவது நியாயமன்று. ஏற்கெனவே கழுதை வைத்திருப்போர் ஈன்ற தேதியைக் குறித்து, மாதந்தோறும் பாலைச் சோதிக்கக் கொடுக்கட்டும். அதற்குச் சங்கம் உதவலாம். பொதுக்குழுவில் பண்ணை யோசனை வருமாயின், வாங்குவோர் முன்பணம் கட்டிய பத்திரம் எங்கே என்று அங்கத்தினர்கள் முதலில் கேட்க வேண்டுகிறேன்.