தீபாவளி வேன் கிளம்புமுன், தோழர்களே!

போனஸ் பேச்சுவார்த்தை முடிந்த மறுநாளே நம் ஆட்கள் வேன் பேசத் தொடங்கிவிடுவார்கள். மூணாறா வால்பாறையா, ஆளுக்கு எவ்வளவு, சமையல் ஆள் உண்டா இல்லையா என்று டீக்கடையில் கணக்கு ஓடும். அந்த வேன்கள் கிளம்புவதற்குள் ஒரு விஷயம் பேசியாக வேண்டும். கேட் மீட்டிங்கில் பத்து நிமிடம்தான் கிடைக்கிறது, அதில் சொல்லி முடியாது. அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் பிரின்டிங் டேபிளில் குழந்தைகள் உருப்படி ஓடியது. கறுப்புத் துணி, நெஞ்சில் பனிக்கரடி. முதலில் வெள்ளை, சூடு காட்டிக் காயவைத்து அதன் மேல் இன்னொரு வெள்ளை, கடைசி ஃபிரேமில் கண்ணும் மூக்கும். ஐரோப்பாவுக்குப் போகிற சரக்கு. "வெள்ளைக் கரடியை வெள்ளைத் துணியிலயே அடிச்சா இங்க் மிச்சமாகுமில்லண்ணா?" என்றான் புதிதாகச் சேர்ந்த தம்பி. எல்லோரும் சிரித்தோம். ஆனால் நிஜக் கரடியும் அந்த உருப்படி மாதிரிதான். பனிக்கரடிக்குத் தோல் கறுப்பு. மேலே இருக்கும் முடிக்கு நிறமே கிடையாது; வெளிச்சம் பட்டுச் சிதறுவதால் நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. சாயப்பட்டறைத் தோழர்கள் பொறாமைப்படலாம். ப்ளீச் இல்லை, கழிவுநீர் இல்லை, அப்படியொரு வெள்ளை!

அந்தக் கரடிக்கு உறைந்த கடல்தான் தொழிற்கூடம். பனிப்பாளத்தின் மேல் காத்துக் கிடந்து, மூச்சு விட மேலே வரும் சீல் விலங்கைப் பிடித்துத் தின்னும். பனி உருகிவிட்டால் வேலை போச்சு, கரையேறிப் பட்டினி. கனடாவின் ஹட்சன் விரிகுடாப் பக்கம் சினைக் கரடி எட்டு மாதம் வரை ஒன்றும் தின்னாமல் கிடக்கும். அந்தப் பட்டினிக்குள்ளேயே குழிக்குள் குட்டி போட்டுப் பாலும் கொடுக்கும். பிறக்கும் குட்டி அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான். அந்த விரிகுடாவின் மேற்குப் பகுதியில் 2016இல் 842 கரடிகள் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். 2021இல் 618.

அதற்காக இங்கே உட்கார்ந்து கண்ணீர் விடச் சொல்லவில்லை. அதே குடும்பத்துக் கரடி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது என்பதைத்தான் சொல்ல வந்தேன். பல்லடம் தாண்டி உடுமலை, உடுமலை தாண்டி ஒன்பதாறு செக்போஸ்ட். அதற்கு மேல் ஆனைமலை புலிகள் காப்பகம். அதன் உடுமலை, அமராவதி வனச்சரகங்கள் திருப்பூர் மாவட்டத்துக்குள் வருகின்றன. நம் வேன் மூணாறுக்குப் போவது அந்தக் காட்டின் நடுவே போகிற ரோட்டில்தான்.

நம் கரடி கறுப்பு. நெஞ்சில் வெள்ளையாக ஒரு வளைவு, நாமம் போட்ட மாதிரி. கரையான் தின்பதற்கென்றே செய்த உடம்பு அது. மேல்வரிசையில் நடுவில் இரண்டு பல் கிடையாது. நீண்ட நகத்தால் புற்றைத் தோண்டி, மண்ணை ஊதித் தள்ளி, மூக்குத் துளையை இறுக மூடிக்கொண்டு அந்தப் பல்லிடுக்கு வழியாகக் கரையானை உறிஞ்சும். காட்டில் அந்த உறிஞ்சல் சத்தம் வெகுதூரம் கேட்கும். நாவல், அத்தி, கொன்றைக் காய் எல்லாம் தின்று விதையைக் காடெங்கும் போட்டுவிட்டுப் போகும். சங்கப் புலவர்கள் இதை எண்கு என்றார்கள். புற்றைத் தோண்டுவதையும் இலுப்பைப் பூவைத் தின்பதையும் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் போலப் பாடி வைத்திருக்கிறார்கள்.

ஏன் இப்போதே சொல்கிறேன் என்றால், இந்த இரண்டு கரடிகளுக்கும் பிரசவ காலம் கிட்டத்தட்ட ஒன்றுதான். கார்த்திகை, மார்கழியை ஒட்டி நம் பெண்கரடி பாறைக் குகைக்குள் போய் ஒன்றோ இரண்டோ குட்டி போடும். அதற்கு முன்னால் தின்று உடம்பில் ஏற்றிக்கொள்வதுதான் மூலதனம். குட்டி போட்ட முதல் சில வாரங்கள் அது சரியாக இரை தேடப் போவதில்லை. பிறகு குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு வெளியே வரும். கரடிகளில் இப்படிக் குட்டி சுமப்பதை வாடிக்கையாக வைத்திருப்பது இது ஒன்றுதான். அது குட்டி போட இடம் தேடும் நாளும் நமக்கு லீவு விடும் நாளும் ஒன்றாக அமைந்துவிட்டது.

அந்த மூணாறு ரோட்டில் நாம் என்ன செய்கிறோம்? வளைவில் வேனை நிறுத்திப் பாட்டுப் போட்டு ஆடுகிறோம். பேக்கிங் செக்‌ஷனிலிருந்து எடுத்துவந்த பாலிபேக்கில் தக்காளி சாதம், மிச்சத்தைப் பையோடு பள்ளத்தில் எறிகிறோம். சிலர் பட்டாசும் வெடிக்கிறார்கள். நானும் அந்த வேனில் உட்கார்ந்து வந்தவன்தான், யோக்கியன் வேஷம் போடவில்லை. கரடிக்குக் கண்ணும் காதும் மட்டு, மூக்கு மட்டும் கத்தி. மனிதச் சோற்று ருசி பட்டுவிட்டால் புற்றைத் தேடாது, ஆள் இருக்கும் இடத்தைத் தேடி வரும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடி கடைக் கதவை உடைப்பதும், கோயில் விளக்கு எண்ணெயைக் குடிப்பதும் பேப்பரில் வராத மாதம் குறைவு. நாம் எறிந்துவிட்டு ஊருக்கு வந்துவிடுவோம். அடி வாங்குவது தளிஞ்சி, குருமலை மாதிரி மலைக் குடியிருப்புகளில் இருப்பவர்கள். அவர்களும் கூலிக்காரர்கள்தான், தோழர்களே.

கரடி மனிதனை வேட்டையாடுவதில்லை. திடீரென்று எதிரில் கண்டு மிரண்டால்தான் பாயும், பாய்ந்தால் முகத்தைக் குறிவைக்கும். எங்கள் லைனில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு தோழர் இருக்கிறார். 'பாலு', அதாவது கரடி, என்று சொன்னதும் கையை முகத்துக்கு நேரே கொண்டுபோய்க் காட்டினார். அவர் ஊரில் விடியுமுன் மகுவாப் பூ பொறுக்கப் போகிறவர்கள்தான் அடிபடுகிறார்களாம். மகுவா என்பது நம் இலுப்பை. மனுசனும் கரடியும் ஒரே மரத்தடிக்கு ஒரே நேரத்தில் வந்து நிற்கிறார்கள். கூட்டமாய்ப் பேசிக்கொண்டே நடந்தால் அது ஒதுங்கிவிடும் என்றும் அவர்தான் சொன்னார். இந்தச் சேதியைத் தமிழில் மட்டும் சொன்னால் பாதிப் பேருக்குப் போய்ச் சேராது. இந்தியிலும் ஒடியாவிலும் சொல்ல ஆள் போட வேண்டும்.

"பீஸ் ரேட்டுக்கே நாய்ப்பாடு, இதில் கரடிக்குக் கொடி பிடிக்கணுமா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்கட்டும். நொய்யலில் சாயம் ஓடியபோதும் அது கீழ்ப்பக்கத்து விவசாயி பிரச்சினை என்றுதான் இருந்தோம். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடியபோது வேலையில்லாமல் ஊருக்குப் பஸ் ஏறியவர் யார்? முதலாளியா? அமராவதி அணைக்குத் தண்ணீர் இந்த மலைக்காட்டிலிருந்துதான் இறங்குகிறது. தாராபுரம்வரை வயலுக்குப் பாய்வது அதுதான். காடு கெட்டால் அந்தப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனிக்கு வேலை தேடி வரும் கூட்டம் இன்னும் பெருகும், நம் கூலி இன்னும் இறங்கும்.

ஆகவே ஒவ்வொரு யூனிட்டிலும் வேன் பேசுகிற ஆளை இந்த வாரமே பிடியுங்கள். ஒன்பதாறு செக்போஸ்ட் தாண்டினால் கேரள எல்லையில் சின்னார் வரும்வரை வண்டி நிற்கக்கூடாது என்று டிரைவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாட்டுச் சத்தத்தைக் குறையுங்கள். பட்டாசு ஊரோடு இருக்கட்டும். பீடியை அணைக்காமல் ஜன்னல் வழியாக எறிபவன் எந்தச் சங்கத்துக்காரனாக இருந்தாலும் அங்கேயே கேளுங்கள். கட்டிங் வேஸ்ட் அள்ளுகிற சாக்கு எல்லாக் கம்பெனியிலும் கிடக்கிறது. வேனுக்கு ஒன்று எடுத்துப் போடுங்கள். தின்ற இலை, தண்ணீர் பாட்டில், பாலிபேக் எல்லாம் அந்தச் சாக்கில் திருப்பூருக்கே திரும்பி வரட்டும். லீவு முடிந்து முதல் நாள் கேட் மீட்டிங்கில் சாக்குகளை எண்ணுவோம்.