நோயாளி காட்சிப் பொருளல்ல!

அறுவைச் சிகிச்சை மேஜையைச் சுற்றி நாலைந்து பேர்தான் நிற்க முடியும். பின்னால் நிற்கும் மாணவருக்குத் தெரிவதெல்லாம் பேராசிரியரின் முதுகு மட்டுமே. எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்ட நாட்டில், விடியோவின் துணையின்றி அனைவருக்கும் அறுவைச் சிகிச்சையைக் காட்டிவிட முடியாது. எந்த வகை விடியோ என்பதில்தான் சிக்கல்.

மருத்துவ மாநாடுகளில் அறுவைச் சிகிச்சையை நேரலையில் ஒளிபரப்பும் வழக்கம் பெருகியிருக்கிறது. அரங்கில் அமர்ந்திருக்கும் நூற்றுக்கணக்கான மருத்துவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே கத்தியைப் பிடிக்கிறார் சிறப்பு நிபுணர். பல நேரங்களில் அவர் வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வந்தவர். நோயாளியும் புதிது, உதவியாளர்களும் புதிது. கருவி விற்கும் நிறுவனங்களின் ஆர்வத்தைச் சொல்லவே வேண்டாம். 2015-இல் தில்லியில் இவ்வாறு ஒளிபரப்பான கல்லீரல் அறுவைச் சிகிச்சைக்குப் பின் நோயாளி ஒருவர் உயிரிழந்தார். 2023-இல் உச்ச நீதிமன்றம் இதுகுறித்து நோட்டீஸ் அனுப்பியது. 2025-இல் தேசிய மருத்துவ ஆணையம், கல்வி நோக்கத்துக்கு மட்டுமே நேரலை, விளம்பரத்துக்குக் கூடாது என வழிகாட்டுதல் வகுத்தது.

வரவேற்கலாம், ஆனால், கல்விக்குக்கூட நேரலை ஏன்? பதிவு செய்யப்பட்ட விடியோவை நிறுத்தலாம், திரும்பப் பார்க்கலாம், விளக்கம் சேர்க்கலாம். ரத்தப்போக்கு ஏற்பட்டால் மருத்துவரின் கவனத்தைச் சிதறடிக்க அரங்கில் யாரும் காத்திருப்பதில்லை. அதிலும் ஒரு குறை உண்டு. வெற்றிகளை மட்டும் வைத்துக்கொண்டு, தவறுதலாக அறுபட்ட ரத்தக்குழாயை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். மாணவர் அதிகம் கற்பது அந்த வெட்டி எறிந்த பகுதியிலிருந்துதான்.

தையல் போடுதல், சிறுநீர்க் குழாய் செருகுதல் போன்றவற்றுக்குச் சிறு விடியோக்கள் நல்ல முன்தயாரிப்பு. அதற்கு மேல் எதிர்பார்க்கலாகாது. கரோனாவாலும் உக்ரைன் போராலும் இறுதியாண்டை இணையவழியில் முடித்துத் திரும்பியவர்களுக்கு, 2022-இல் ஆணையம் இரண்டாண்டு மருத்துவமனைப் பயிற்சியைக் கட்டாயமாக்கியதன் காரணம் இதுவே. வயிற்றைத் தொட்டுப் பார்க்கத் திரை கற்றுத்தராது.

அரசு மருத்துவமனைகளின் பதிவுகளை, தவறுகளையும் சேர்த்து, மூத்த மருத்துவர் குழு சரிபார்த்து எல்லாக் கல்லூரிகளுக்கும் இலவசமாக வழங்க ஆணையம் முன்வர வேண்டும். நோயாளியின் ஒப்புதலை அவரது தாய்மொழியில், அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய நாளிலாவது பெற வேண்டும். இலவச சிகிச்சைக்கு வந்த ஏழை, அரங்க வாசலில் நீட்டப்படும் தாளில் கையெழுத்திட மறுப்பாரா?