இழுத்தால் சிக்கும் கட்டைவிரல்

கிரிக்கெட் பந்தைத் தப்பாகப் பிடித்தாலோ, ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கையை ஊன்றினாலோ கட்டைவிரல் பின்பக்கமாக மடங்கி, அடிமூட்டு நழுவிவிடுவதுண்டு. உடனே கூட்டத்திலிருந்து ஒருவர் முன்வந்து, விரலைப் பிடித்து 'சடக்'கென்று இழுப்பார். மைதானங்களில் இந்த வைத்தியருக்கு மட்டும் பஞ்சமே இல்லை. சாதாரண நழுவலை ஆபரேஷன் வரை கொண்டுபோய் விடக்கூடியது இந்த இழுப்புதான்.

காரணம், மூட்டின் அமைப்பு. உள்ளங்கைப் பக்கத்தில் மூட்டைத் தாங்கி ஒரு தடித்த நார்த்தகடு இருக்கிறது. அதில் பட்டாணியைவிடச் சிறிய இரண்டு எலும்புகள் பதிந்திருக்கின்றன. மூட்டு பின்னோக்கி நழுவும்போது இந்தத் தகடு கிழிகிறது. விரலை நேராக இழுத்தால் இடைவெளி திறந்து, கிழிந்த தகடு உள்ளே புகுந்துகொள்ளலாம். விரலை மடக்கும் தசைநாணும் சுருக்குக் கயிறுபோல எலும்பைச் சுற்றிக்கொண்டால், இழுக்க இழுக்க முடிச்சுதான் இறுகும்.

விரல் செங்குத்தாக நிமிர்ந்து நின்று பயமுறுத்தினால், பெரும்பாலும் எளிதில் சேரும். ஓரளவு நேராகவே தெரிந்து, உள்ளங்கைத் தோலில் மட்டும் ஒரு குழி விழுந்திருந்தால்தான் கவலை. அந்தச் சின்ன எலும்பு மூட்டின் நடுவே இருப்பதாக எக்ஸ்ரே காட்டினால், தகடு சிக்கிவிட்டது என்று பொருள்.

எளிய நழுவலுக்கு மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டு, மணிக்கட்டை மடக்கி நாண்களைத் தளர்த்திவிட்டு, எலும்பின் அடியைத் தள்ளித்தான் சேர்க்கிறார். சிக்கிய மூட்டைத் திறக்க வேண்டும். உள்ளங்கைப் பக்கம் திறந்தால் தகடு நேரே தெரியும், தைக்கவும் முடியும்; ஆனால் தோலுக்கு அடியிலேயே விரலின் நரம்புகள் இழுபட்டு நிற்கும், கத்தி பட்டுவிடும் அபாயம் உண்டு. புறங்கைப் பக்கம் திறந்தால் நரம்புகளுக்கு ஆபத்து குறைவு. தகட்டை நீளவாக்கில் கீறி விலக்க வேண்டியிருக்கும். எது மேல் என்பதில் நிபுணர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. எப்படிச் செய்தாலும் சிறிது விறைப்பு மிஞ்சலாம் என்பதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

மூட்டு சேர்ந்த பிறகும் ஒரு சோதனை பாக்கி. விரல் பக்கவாட்டில் ஆடுகிறதா? சுட்டுவிரல் பக்கத்துத் தசைநார் முழுதாக அறுந்து, அதன் முனை அருகிலுள்ள தசைப்படலத்துக்கு வெளியே மடிந்து கிடக்கலாம். ஸ்வீடனைச் சேர்ந்த மருத்துவர் ஸ்டீனர் 1962இல் இதை விவரித்தார். நடுவே படலம் தடுப்பதால் எத்தனை வாரம் மாவுக்கட்டு போட்டாலும் முனை எலும்போடு ஒட்டாது. ஆபரேஷனில் அதை எடுத்து, நூல் கோத்த சிறு ஆணியால் எலும்பில் பொருத்துவார்கள். அதன் பிறகு சுமார் நான்கு முதல் ஆறு வாரம் கட்டு.

முதல் சில வாரங்களுக்குள் வந்தால்தான் இந்தத் தையல். தாமதித்தால் நார் சுருங்கிவிடும். முன்கையிலிருந்து ஒரு நாணை எடுத்து ஒட்ட வேண்டும். (பிறவியிலேயே அந்த நாண் இல்லாதவர்களும் உண்டு, அவர்களுக்கு வேறு இடம் தேடவேண்டும்.) வருடக்கணக்கில் விட்டு குருத்தெலும்பும் தேய்ந்துபோனால், மூட்டையே அசையாமல் இணைத்துவிடுவது கடைசி வழி. கேட்கத்தான் பயங்கரம். கட்டைவிரலின் அசைவில் பெரும்பங்கு மணிக்கட்டை ஒட்டிய மூட்டில் இருப்பதால், பேனா பிடிக்கவும் சாவி திருப்பவும் வலியில்லாமல் முடியும்.