அட்டை குத்துவோர் மட்டும் போதுமா?

ஆரணியில் பட்டுத்தறி நெய்பவர் ஒருவரின் மகன் நம்மிடம் தமிழ் யாப்பும் சிறிது அரபு இலக்கணமும் கற்றவன். வெண்பாவில் தளை தட்டினால் செவியாலேயே கண்டுகொள்வான். கணிதத்திலும் வல்லவன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கணினிப் பொறியியலில் சேரவிருந்த வேளையில் இரு திசைகளிலிருந்தும் அவனுக்கு அறிவுரை வந்தது. பெங்களூரில் பணிபுரியும் உறவினர், "கவிதை, தத்துவம் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வை, ஓய்வு பெற்றபின் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். நம்மோடு ஓதிய ஆலிம் ஒருவரோ, "இயந்திரத்தின் பின்னே போகிறவனுக்கு யாப்பு எதற்கு? அவனுக்காக ஏன் நேரத்தை வீணாக்குகிறீர்?" என்று நம்மையே கடிந்தார். எதிரெதிர்த் திண்ணைகளில் அமர்ந்திருப்பதாக இருவரும் எண்ணிக்கொண்டாலும் இருவர் கூற்றும் ஒன்றே. ஒருவன் ஒன்றாக நெய்ய வந்ததை இருவரும் நடுவே கத்தரித்துவிட்டார்கள்.

உறவினரிடம் சான்று உண்டு. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200க்குத்தான் கணக்கு. தமிழில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் அந்தக் கூட்டலில் அதற்கு இடமில்லை. அரசே கணக்கில் கொள்ளாததை இவன் ஏன் சுமக்க வேண்டும் என்கிறார். தறிக்கூலியில் குடும்பம் நடத்திய தந்தை மகனுக்கு மாதச் சம்பளம் வேண்டுவதை நாம் ஒருபோதும் குறை கூறோம். சேர்க்கைக்கான ஒரு கூட்டல் கணக்கையே அறிவின் எல்லையாகக் கொள்வதைத்தான் மறுக்கிறோம்.

மறுப்புக்கான ஆதாரம் அந்த வீட்டுத் தறியின் மேலேயே தொங்குகிறது. ஜக்கார்டு பெட்டியில் சுழலும் அட்டைகளை நம் ஊரார் அறிவர். அட்டையில் துளை இருக்குமிடத்தில் ஊசி நுழையும், கொக்கி உயரும், பாவு இழை மேலே எழும். துளை இல்லாவிடில் இழை கிடந்தபடியே கிடக்கும். இந்த ஏற்பாட்டைப் பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு 1804இல் செம்மைப்படுத்தினார். அதே துளையட்டையைத்தான் இங்கிலாந்தின் பாபேஜ் தம் கணக்குப்பொறித் திட்டத்துக்கு எடுத்தாண்டார். அப்பொறியைப் பற்றி 1843இல் விரிவான குறிப்புகள் வெளியிட்டவர் கவிஞர் பைரனின் மகளான ஏடா லவ்லேஸ். எண்களோடு நில்லாமல் இசையையும் அது கையாளக்கூடும் என்று அவர் அன்றே எழுதினார். பொறியைத் திட்டமிட்டவர் கணிதர்; அது எங்கெல்லாம் போகக்கூடும் என்று கண்டவர் கவிஞரின் மகள்! பட்டுச்சேலையின் முந்தியில் அன்னம் வர வேண்டுமா, மாங்காய் வர வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பவர் ஒருவர். அதற்கேற்ப அட்டை குத்துபவர் வேறொருவர். குத்தும் தொழிலை நாம் இழிவுபடுத்தவில்லை. மொழியையும் சிந்தனையையும் துறந்து நிரல் எழுதப் போகிறவன், பிறர் தீட்டிய கோலத்துக்கு ஆயுள் முழுதும் அட்டை குத்துவான் என்கிறோம்.

இனி ஆலிம் நண்பரிடம் வருவோம். மதரஸாவில் நாம் பெயர் கேட்டவுடன் மரியாதையோடு நிமிர்ந்து உட்காரும் பஸராவின் கலீல் இப்னு அஹ்மத் யார்? அரபு யாப்பிலக்கணத்தின் தந்தை. செம்பு தட்டுவோர் கடைத்தெருவில் சுத்தியல் ஓசை கேட்டு அவருக்குச் சந்தம் பிடிபட்டதாகக் கூறுவர். அரபின் முதல் அகராதிக்குத் திட்டமிட்டவரும் அவரே. அதற்கு அவர் கையாண்ட வழி யாது? அரபின் 28 எழுத்துகளும் கூடி எத்தனை வேர்ச்சொற்கள் உருவாகக்கூடும் என்று கணக்கிட்டு, அவற்றுள் வழக்கில் உள்ளவை எவை, இல்லாதவை எவை எனப் பிரிப்பது! எழுத்து மீளாமல் அடுக்கினால் ஈரெழுத்தில் 756, மூவெழுத்தில் 19,656, நாலெழுத்தில் 4,91,400, ஐயெழுத்தில் 1,17,93,600. ஆக மொத்தம் 1,23,05,412. ஐயமுள்ளோர் பெருக்கிப் பார்க்கலாம். கடைக்காரன் ஏமாற்றாதபடி ஒரு பணிப்பெண்ணும் போடத்தக்க எளிய கணக்குமுறையை எண்ணியபடியே பள்ளிவாசலுக்குள் நுழைந்து, தூணில் மோதி, அதனாலேயே அவர் இறந்தார் என்று வரலாற்று நூல்கள் கூறும். இவரை யாப்பு வகுப்பில் உட்கார வைப்பீரா, கணினி வகுப்பிலா?

கடிதத்தின் மறைகுறியை எழுத்துகளின் எண்ணிக்கையால் உடைக்கலாம் என்று ஒன்பதாம் நூற்றாண்டில் எழுதிய அல்கிந்தி தத்துவஞானி. எந்த எழுத்து எத்தனை முறை வரும் என்பதை மொழியறிந்தவரே எண்ணத் தொடங்கினர். அல்காரிதம் என்ற சொல்லுக்குத் தம் பெயரை ஈந்த அல்குவாரிஸ்மியின் இயற்கணித நூலில் பெரும்பகுதி மரண சாசன, வாரிசுப் பங்கீட்டுக் கணக்கு. நாம் கரும்பலகையில் ஃபராயிள் கணக்குப் போடுகிறோமே, அதே கணக்குதான்.

நம் காலத்துக்கு வந்தால், பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வாக்குப்பதிவு இயந்திரப் பணியில் ஈடுபட்ட சுஜாதாவையும், ஏவுகணைகளோடு தமிழ்க் கவிதையையும் நேசித்த அப்துல் கலாமையும் மேடைதோறும் புகழ்கிறோம். புகழட்டும். ஆனால் அவர்களது எழுத்தைப் பொறியாளர் சூடிக்கொண்ட பூவைப் போலவே பேசுகிறோம். இரண்டையும் ஒரே வேலையாகச் செய்தவர்களை ஏனோ மறந்துவிட்டோம். சிங்கப்பூர்ச் சிறுகதையாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி, 1999இல் மறையும்வரை, தமிழ் எழுத்தை இணையத்தில் ஏற்றப் பாடுபட்டார். தமிழ் படித்த நம் மணவை முஸ்தபா, யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பை நடத்தியதோடு கணினிக்கெனக் கலைச்சொல் அகராதியும் தொகுத்தார். 2017இல் அவர் மறைந்தபோது நம் பொறியியல் மாணவர்களில் எத்தனை பேர் அப்பெயரை அறிந்திருந்தனர்?

இத்தகையோர் இன்று எதற்கு என்று கேட்பவர் தம் வீட்டுப் பரணைத் திறந்து பார்க்கட்டும். அரபு எழுத்தில் அச்சான தமிழ் நூல்கள் அங்கே உதிர்ந்துகொண்டிருக்கக் கூடும். அரபில் இல்லாத ட, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்குப் புள்ளியும் குறியும் கூட்டி நம் முன்னோர் வகுத்த எழுத்து அது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிமின் 'மகானி' அவ்வெழுத்தில் எழுதப்பட்டதே. அதைத் தடையின்றி வாசிப்போர் நம் வயதினரோடு குறைந்து வருகின்றனர். அவ்வெழுத்தைக் கணினிக்கு வாசிக்கக் கற்பிக்க அரபு மட்டும் தெரிந்தவரால் ஆகாது. நிரல் மட்டும் தெரிந்தவராலும் ஆகாது. பெங்களூர் உறவினரும் நம் ஆலிம் நண்பரும் சேர்ந்தாலும் ஆகாது, ஏனெனில் அவர்கள் ஒருவரோடொருவர் பேச மாட்டார்கள்.

பையன் கணினிப் பொறியியலிலேயே சேர்ந்தான். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நம்மிடமுள்ள பழம் பிரதியொன்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துச் செல்கிறான். சென்ற முறை வந்தபோது, "ஐயா, புள்ளி தேய்ந்திருந்தால் இது எந்த எழுத்து என்று எப்படிக் கண்டுகொள்கிறீர்கள்?" என்று கேட்டான். முன்னும் பின்னும் உள்ள சொற்களைப் பார்த்து என்றோம். அதை எழுதிக்கொண்டு, அந்த வரியை மீண்டும் ஒருமுறை வாசித்துக் காட்டச் சொன்னான்.